பங்கீட்டுக்காக அல்லாமல் ஒருமுறை எண்ணுங்கள்: நைஜீரிய தேசிய மக்கள்தொகை ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

நைஜீரியக் கூட்டாட்சிக் குடியரசின் தேசிய மக்கள்தொகை ஆணையத் தலைவர் அவர்களுக்கும், முப்பத்தாறு மாநிலங்களையும் தலைநகரப் பகுதியையும் சார்ந்த ஆணையர் பெருமக்களுக்கும் வணக்கம்.

1982 முதல் 1988 வரை கானோ நகருக்கு வடக்கே இருந்த ஓர் அரசுப் பள்ளியில் புவியியல் கற்பித்தவன் நான். அனைவருக்கும் தொடக்கக் கல்வி என்னும் திட்டத்தைத் தங்கள் நாடு 1976-இல் தொடங்கிய பிறகு, ஆசிரியர் பற்றாக்குறையை ஈடுசெய்ய இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் அழைக்கப்பட்ட பலருள் ஒருவனாக வந்து, தங்கள் நாணயமான நைராவின் மதிப்பு சரிந்த காலத்தில் மற்றவர்களோடு ஊர் திரும்பினேன். இம்மடலின் ஆங்கில வடிவத்தைத் தங்கள் அபுஜா அலுவலகத்துக்கு அஞ்சலில் அனுப்பியிருக்கிறேன். தமிழில் வெளியிடுவதற்குக் காரணம், எங்கள் ஏடுகளில் நைஜீரியா என்ற பெயர் வரும்போதெல்லாம் ‘மக்கள்தொகை வெடிப்பு’ என்ற சொல்லும் கூடவே வருவதும், அந்த நாடு தன் மக்களைக் கடைசியாக எண்ணி முடித்தது 2006-இல்தான் என்ற செய்தி அநேகமாக எங்கும் வராததும்தான்.

பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் பிறந்த தேதியை நிரப்பும் வேலை ஆண்டுதோறும் என்னிடம் வரும். தந்தையர் தேதி சொல்லமாட்டார்கள். உள்நாட்டுப் போர் முடிந்த ஆண்டு என்பார்கள், வண்டிகள் சாலையின் வலப்பக்கம் மாறிய ஆண்டு என்பார்கள், நைரா புழக்கத்துக்கு வந்த ஆண்டு என்பார்கள். நான் 1970 என்றும் 1972 என்றும் 1973 என்றும் எழுதிக்கொள்வேன். இதே முறையில் நிகழ்ச்சி நாட்காட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வயது கேட்கும் வேலையைத் தங்கள் கணக்கெடுப்பாளர்கள் எத்தனை பொறுமையோடு செய்ய வேண்டியிருக்கிறது என்பதை அங்கேதான் அறிந்தேன். மக்கள்தொகைப் பாடத்தை நடத்தும் நாளில் கரும்பலகையில் மூன்று எண்களை எழுதுவேன்: அரசு ஏற்றுக்கொண்ட 1963-ஆம் ஆண்டின் 5.57 கோடி, செல்லாது என்று தள்ளப்பட்ட 1973-ஆம் ஆண்டின் 7.98 கோடி, வெளிநாட்டு மதிப்பீடுகள் சொன்ன ஒன்பது கோடிக்கும் மேற்பட்ட ஓர் எண். ஒருமுறை பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, இவற்றில் நாங்கள் எது?” என்று கேட்டான். அன்று அவனுக்கு என்னால் விடை சொல்ல முடியவில்லை.

எண்ணப்படுவதைக் கண்டு அஞ்சுவதற்குத் தங்கள் மக்களுக்கு நியாயம் இருந்தது என்பதை மறந்துவிட்டு இதைப் பேசக்கூடாது. 1929-இல் தென்கிழக்கிலுள்ள ஒலோகோ ஊரில் நுவான்யெருவா என்ற பெண்ணிடம் ஆடுகளையும் வீட்டு ஆட்களையும் எண்ணிச் சொல்லும்படி காலனி நிருவாகத்தின் ஆள் கேட்டபோது, எண்ணுவது வரிக்கு முன்னோட்டம் என்று அவர் சரியாகவே புரிந்துகொண்டார். அங்கிருந்து எழுந்த பெண்கள் போராட்டத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் உயிரிழந்தார்கள். அதையடுத்து வந்த 1931-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு, கிழக்கே வரிக் கலவரங்களின் நிழலிலும் வடக்கே வெட்டுக்கிளிப் படையெடுப்பின் நடுவிலும் அரைகுறையாக முடிந்தது. 1952-53-இல் ஏறத்தாழ மூன்று கோடி என்று எண்ணப்பட்ட நாடு, பத்தே ஆண்டுகளில் ஐந்தரைக் கோடியைத் தாண்டியதாகச் சொல்லப்பட்டது. எந்த நாட்டிலும் பிறப்பு மட்டுமே அந்த வேகத்தில் மக்களைக் கூட்டியதில்லை. முதல் முறை வரிக்குப் பயந்து வீட்டுக்குள் மறைந்தவர்கள், நாடாளுமன்ற இடங்கள் தலைக்கணக்கைப் பொறுத்தவை என்று தெரிந்த பிறகு வெளியே வந்தார்கள். வந்தவர்களோடு, பிறவாதவர்களும் ஏட்டில் ஏறினார்கள். 1962-இல் எடுத்த கணக்கு தள்ளப்பட்டு 1963-இல் மீண்டும் எடுக்கப்பட்டதும், 1973-இன் கணக்கை முர்தாலா முகம்மது அரசு 1975-இல் கைவிட்டதும் இதன் தொடர்ச்சியே.

1991-ஐ மட்டும் தனியே பாராட்டித்தான் ஆக வேண்டும். மதத்தையும் இனத்தையும் கேட்காமல் எடுக்கப்பட்ட அந்தக் கணக்கு ஏறத்தாழ 8.9 கோடி என்று வந்தபோது, அதைவிட இரண்டு கோடிக்கும் மேல் கூடுதலாக மதிப்பிட்டிருந்த உலக அமைப்புகள் தங்கள் அட்டவணைகளைத் திருத்திக்கொள்ள நேர்ந்தது. எதிர்பார்த்ததைவிடக் குறைவான ஓர் எண்ணை வெளியிடும் துணிவு 1988-இல் உருவான தங்கள் ஆணையத்துக்கு அதன் முதல் பெரும் பணியிலேயே இருந்தது. 2006-இன் கணக்கு 14,04,31,790 என்றது. கானோ மாநிலத்துக்கு 94 லட்சம், லாகோஸ் மாநிலத்துக்கு 91 லட்சம் என்று வந்தபோது லாகோஸ் அரசு அதை ஏற்காமல், தானே எடுத்த கணக்கில் 1.75 கோடி என்று அறிவித்தது. ஒரே மாநிலத்தைப் பற்றிய இரண்டு அரசாங்க எண்கள் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேறுபட்டு நின்றன, இன்றும் நிற்கின்றன.

அதற்குப் பிறகு எண்ணவே இல்லை. கைக்கணினிகளோடு, செயற்கைக்கோள் படங்களை வைத்து நாடு முழுவதையும் எண்ணும் பகுதிகளாகப் பிரித்து, 2023 மார்ச்சுக்கும் பின்னர் மே மாதத்துக்கும் நாள் குறித்து, தொடங்கச் சில நாள்களே இருந்தபோது அது தள்ளிவைக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் குடியரசுத் தலைவர் கணக்கெடுப்புக்கென ஒரு குழு அமைத்தார் என்ற செய்தியை ஆவலோடு படித்தேன். வரையப்பட்ட எல்லைகள் பழசாகிக்கொண்டே இருக்கின்றன என்பது என்னைவிடத் தங்களுக்கு நன்றாகத் தெரியும். லாகோஸ் போன்ற நகரின் விளிம்பில் மூன்று ஆண்டில் ஒரு புதிய குடியிருப்பே எழுந்துவிடும்.

எண்ணாமல் விட்டதால் நேர்ந்த தீங்கு, பிறர் தங்கள் நாட்டைப் பற்றிச் சொல்லும் கதையில் வெளிப்படையாகத் தெரிகிறது. 2100-இல் நைஜீரியாவில் 79 கோடிப் பேர் இருப்பார்கள் என்று 2017-இல் ஐ.நா. முன்கணித்தது. 2019-இல் அது 73 கோடியாகவும், 2022-இல் 55 கோடியாகவும், 2024-இல் 48 கோடியாகவும் குறைந்தது. ஏழே ஆண்டுகளில் முப்பது கோடி மனிதர்கள் தாளில் மறைந்துபோனார்கள். அந்த வல்லுநர்களை நான் குறை சொல்லவில்லை. கிடைத்த தரவுக்கு ஏற்பத் திருத்திக்கொள்வது அவர்களுடைய நேர்மை. ஆயினும் 79 கோடி என்ற எண்ணைத் தலைப்பாக்கிய எங்கள் ஏடுகள் எதுவும் 48 கோடியைத் தலைப்பாக்கி நான் பார்க்கவில்லை.

கணிப்பு குறையக் காரணம், பிறப்பு குறைகிறது என்பதே. தங்கள் நாட்டில் நடத்தப்பட்ட மக்கள்தொகை நலவாழ்வு ஆய்வுகளின்படி, ஒரு பெண் சராசரியாகப் பெறும் பிள்ளைகள் 1990-இல் 6.0, 2018-இல் 5.3, 2023-24-இல் 4.8. ஐந்து வயதுக்குள் இறக்கும் பிள்ளைகள் ஆயிரத்துக்கு 132 பேராக 2018-இல் இருந்தது, 110 ஆகியிருக்கிறது. இறப்பு குறைந்தால் பிறப்பும் குறையும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தவனுக்கு, நூற்றுப் பத்து என்பது இன்னும் நெஞ்சில் தைக்கும் எண். பெற்ற பத்தில் ஒன்றுக்கும் மேல் இழக்கும் தாய், நான்கோடு நிறுத்திக்கொள்ள எந்த உறுதியும் அற்றவள். ஒரு பெண்ணுக்கு நான்கு பிள்ளைகள் போதும் என்று 1988-ஆம் ஆண்டுக் கொள்கை சொன்னது. பல மனைவியரை உடைய ஆணுக்கு அது எந்த வரம்பும் சொல்லவில்லை என்று அப்போதே பலர் சுட்டிக்காட்டியது என் நினைவில் இருக்கிறது.

நாட்டுச் சராசரி என்ற ஒற்றை எண்ணுக்குள் இரண்டு நாடுகள் இருக்கின்றன. 2018-இல் வடக்கே கட்சினா மாநிலத்தில் ஒரு பெண்ணுக்கு 7.3 பிள்ளைகள், தெற்கே லாகோஸில் 3.4. பள்ளிக்கே போகாத பெண்ணுக்கு 6.7, மேல்நிலைக்கும் அப்பால் படித்தவளுக்கு 3.4. கட்சினாவுக்கும் லாகோஸுக்கும் உள்ள தொலைவும், எழுத்தறியாதவளுக்கும் கல்லூரி சென்றவளுக்கும் உள்ள தொலைவும் ஏறத்தாழ ஒன்றுபோல் இருப்பதைக் கவனியுங்கள். என் வகுப்பில் படித்த ஒரு பையனின் தங்கை, அண்ணனின் புவியியல் நூலைத் தானே படித்துவிட்டு, ஆறுகளின் பெயர்களை அவனுக்குத் திருத்திக்கொடுப்பாள் என்று அவன் பெருமையாகச் சொல்வான். அவளுக்குப் பதினான்கு வயதில் திருமணம் முடிந்தது. அவளைப் போன்ற சிறுமியர் எந்த உள்ளூராட்சிப் பகுதியில் எத்தனை பேர், அவர்களுக்கு எத்தனை பள்ளிகள் வேண்டும் என்பதை மாதிரி ஆய்வு சொல்லாது. அது விகிதத்தைச் சொல்லும். 774 உள்ளூராட்சிப் பகுதிகளில் ஒவ்வொன்றுக்கும் ஆள் கணக்கைச் சொல்ல முழுக் கணக்கெடுப்பு ஒன்றால்தான் முடியும்.

ஆகவே என் வேண்டுகோளுக்கு வருகிறேன். மாநிலங்களுக்குப் பகிரும் கூட்டாட்சி நிதியில் 30 விழுக்காடு மக்கள்தொகையைப் பார்த்துப் பிரிக்கப்படுகிறது. பிரதிநிதிகள் அவையின் 360 இடங்களும் அவ்வாறே. எண்ணுகிறவரின் கையில் பங்கும் இருக்கும்போது எந்த ஊர்த் தலைவரும் தம் ஊரைக் குறைத்து எண்ண விடமாட்டார். அவரைப் பொய்யர் என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை, தம் மக்களுக்கு வரவேண்டியதைத்தான் அவர் கேட்கிறார். எங்கள் நாட்டிலும் இது நடந்திருக்கிறது. மாநிலத்துக்குள் சட்டமன்றத் தொகுதி மறுவரையறை வரப்போகிறது என்ற நிலையில், நாகாலாந்தின் மக்கள்தொகை 2001-இல் பத்தாண்டுக்குள் 64 விழுக்காடு ஏறியதாகப் பதிவாகி, 2011-இல் சற்றே குறைந்ததாகப் பதிவானது. மறுபுறம், மக்களவை இடங்களை 1971-ஆம் ஆண்டுக் கணக்கோடு நிறுத்திவைத்து 1976-இல் செய்த அரசமைப்புத் திருத்தத்தால், பிறப்பைக் குறைத்த தமிழ்நாடு போன்ற மாநிலங்கள் அதற்காக இடங்களை இழக்கவில்லை. எந்த மாநிலமும் மக்களவை இடத்துக்காகத் தன் மக்களைப் பெருக்கிக் காட்டத் தேவையும் இருக்கவில்லை. அந்தத் தடை முடியும் காலத்தில் இங்கே எழுந்திருக்கும் அச்சத்தையும் மறைக்கமாட்டேன். 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பை எங்கள் நாடும் காலத்தில் நடத்தவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த கணக்கெடுப்பின் எண்கள் குறிப்பிட்ட காலத்துக்கு, பத்தாண்டு என்றே வைத்துக்கொள்வோம், நிதிப் பகிர்வையும் தொகுதி எண்ணிக்கையையும் மாற்றாது என்று எண்ணத் தொடங்குவதற்கு முன்பே சட்டம் செய்யும்படி குடியரசுத் தலைவருக்குப் பரிந்துரையுங்கள். சட்டமியற்றும் அதிகாரம் தங்களிடம் இல்லை. மக்கள்தொகை குறித்து அவருக்கு அறிவுரை வழங்கும் கடமையை அரசமைப்பு தங்களுக்குத் தந்திருக்கிறது. தான் குறைத்து எண்ணப்பட்டதாக நம்பும் லாகோஸ் இதை எதிர்க்கும் என்பது தெரிந்ததே. அதற்கு ஈடாக, பத்தாண்டு கழிந்ததும் புதிய எண்கள் படிப்படியாக நடைமுறைக்கு வரும் என்ற உறுதியைச் சட்டத்திலேயே எழுதலாம். தாமதமாகக் கிடைக்கும் நியாயம், யாரும் நம்பாத எண்ணைவிட லாகோஸுக்கும் நன்மையே தரும்.

எண்ணும் திறமை தங்கள் நாட்டில் இல்லை என்று எவரேனும் சொன்னால் நான் ஏற்கமாட்டேன். போலியோவை விரட்டும் பணியில், எந்தப் பட்டியலிலும் இல்லாமல் விடுபட்டிருந்த வடக்கத்திய குடியிருப்புகளைச் செயற்கைக்கோள் படங்களின் துணையோடு கண்டுபிடித்து, அங்கெல்லாம் நடந்து சென்று சொட்டு மருந்து கொடுத்தவர்களுள் பலர் தங்கள் நாட்டுப் பெண்கள். குல்லே முறையில் வெளியார் கண்ணில் படாமல் வாழும் பெண்களின் வீட்டு உள்முற்றத்துக்குள் அவர்களால் போக முடிந்தது. ஆண் கணக்கெடுப்பாளர் வாசலில் நின்று, கணவர் சொன்ன எண்ணைத்தான் எழுதிக்கொள்ள முடியும். அடுத்த கணக்கெடுப்பில் வட மாநிலங்களின் ஒவ்வொரு எண்ணும் பகுதிக்கும் குறைந்தது ஒரு பெண்ணையாவது, அதே ஊர்க்காரராகவும் ஹௌசா பேசுபவராகவும் பார்த்து நியமியுங்கள். அவர் உள்ளே போய், அடுப்படியில் இருக்கும் சிறுமியிடமே அவளுடைய வயதைக் கேட்கட்டும்.

நாள் குறித்த அறிவிப்பை எதிர்பார்த்து,

பணிவுடன்,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர் ஒருவர்,
தஞ்சாவூர்.