அத்தோ பிசையும் கைகள்

ஆசிரியருக்கு,

1964இல் பர்மாவில் கடைகள் அரசுடைமையானபின் கப்பலேறி வந்த குடும்பங்களின் பெண்கள் பலர் சென்னையில் அத்தோ என்னும் பர்மிய நூடுல்ஸ் கலவை விற்றுத்தான் பிள்ளைகளை, பிறகு பேரன் பேத்திகளை வளர்த்தார்கள். மாலையில் சாப்பிடுவோருக்குப் பகல் வேலை தெரியாது. வாழைத்தண்டை நாரெடுத்து மோர்த்தண்ணீரில் போடாவிட்டால், அத்தோவுடன் தரும் வாழைத்தண்டு சூப் கறுக்கும். வெந்த நூடுல்ஸைக் குளிர்நீரில் அலசி உடனே எண்ணெய் பிசறாவிட்டால் கட்டி தட்டும். வெங்காயம் சிறுதீயில் பொரிய வேண்டும். தீ கூடினால் கசப்புதான். புளித்தண்ணீரும் மிளகாய்த்தூளும் சேர்த்துப் பிசைவது வெறுங்கையால். கரண்டி போட்டால் அத்தோ ஆகாது!

வருடக்கணக்கில் இப்படி, கூடவே பாத்திரமும் தேய்த்தால் ரேகை மழுங்கும். ரேஷன் கடைக் கருவி அந்த விரலை ஏற்பதில்லை. இத்தகைய பாட்டிகளைத் திருப்பி அனுப்பாமல், கருவிழிப் பதிவிலேயே அரிசி தர வேண்டும்.

– ஒரு வாசகர், வியாசர்பாடி, சென்னை