மோந்து பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மீந்துபோன கோழிக்கறியை என்னென்ன செய்யலாம் என்று சென்ற இதழில் ஒரு பக்கம் போட்டிருந்தீர்கள். குறிப்புகளில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் முடிவில், கெட்ட வாடை வராமல் இருந்தால் நன்றாகக் கொதிக்க வைத்துப் பயன்படுத்தலாம் என்று ஒரு வரி இருந்தது. அதைப் படித்ததும் வயிற்றைப் பிசைந்தது. அதே நம்பிக்கையோடு முப்பது வருடமாகச் சமையலறையில் புழங்கியவன் நான். போன மாதம்தான் அதற்குக் கூலி கிடைத்தது.

விடுமுறை நாளில் இறைச்சி என் பொறுப்பு. அன்று கோழியை வேகவைத்து இறக்கினேன். பேரனுக்கு 4 வயது, எலும்பு இருந்தால் சாப்பிட மாட்டான். அதனால் சூடு ஆறியதும் சதையைக் கையாலேயே பிய்த்துப் பாத்திரத்தில் போட்டேன். காலையில் வெங்காயம் நறுக்கும்போது பட்ட வெட்டு ஒன்று விரலில் இருந்தது. அதைப் பொருட்படுத்தவில்லை. பாதியை உடனே சாப்பிட்டோம். மீதியை மூடி அடுப்பு மேடையிலேயே வைத்துவிட்டுப் பேச்சு, ஒரு தூக்கம், மறுபடியும் பேச்சு. இரவு பத்து மணிக்குத்தான் ஞாபகம் வந்து ஃபிரிட்ஜில் தள்ளினேன்.

மறுநாள் மதியம், "நேற்று வெளியிலேயே கிடந்ததே, கொட்டிவிடலாமே" என்றாள் மனைவி. மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். வாடை இல்லை, பிசுபிசுப்பு இல்லை, நிறமும் மாறவில்லை. தளதளவென்று கொதிக்க வைத்து நானும் பேரனும் சாப்பிட்டோம். மனைவி தொடவில்லை. சாப்பிட்டது ஒரு மணிக்கு. நான்கு மணிக்கு எனக்கு முதல் வாந்தி, அரை மணி நேரத்தில் பேரனுக்கு. அப்புறம் வயிற்றுப்போக்கு. எனக்கு வந்ததைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பெரியவன், தாங்கிக்கொண்டேன். குழந்தைக்கு உதடு காய்ந்து, மாலை முழுக்கச் சிறுநீரே போகவில்லை. இரவு மருத்துவமனையில் சேர்த்து நரம்பில் திரவம் ஏற்ற வேண்டியதாயிற்று.

அதற்கு நடுவிலும் கறிக்கடைக்காரருக்கு ஃபோன் போட்டுக் கெட்ட கறியைக் கொடுத்துவிட்டீர்கள் என்று கத்தினேன். அவர் நிதானமாக, "நேற்று மதியம் இதே கோழியைச் சாப்பிட்டபோது ஒன்றும் ஆகவில்லையே சார்?" என்று மட்டும் கேட்டார். பதில் இல்லை. மருத்துவர் கேட்டதும் ஏறக்குறைய அதேதான்: "சமைத்த பிறகு எத்தனை மணி நேரம் வெளியில் இருந்தது?"

பரிசோதனை இல்லாமல் எந்தக் கிருமி என்று அடித்துச் சொல்ல முடியாது என்றார் அவர். ஆனால் மூன்று மணி நேரத்தில் வாந்தி வந்திருப்பதைப் பார்த்தால், ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் மேல்தான் அவருக்குச் சந்தேகம். அது கோழியோடு வருவதைவிட, பெரும்பாலும் நம் கையோடும் மூக்கோடும் வருவது. ஆறாத வெட்டுக்காயம் அதற்குச் சொந்த வீடு மாதிரி. வெளியில் கிடக்கும் இறைச்சியில் பெருகி நஞ்சைச் சுரந்துவிடும். கொதிக்க வைத்தால் கிருமி செத்துப்போகும், சரி. நஞ்சு சாகாது. கொதிநீரையும் தாங்கி அப்படியே சாப்பாட்டில் இருக்கும்.

அப்படியென்றால் என் மூக்கு ஏன் கண்டுபிடிக்கவில்லை? இறைச்சியை நாற வைக்கிற நுண்ணுயிர்கள் வேறு, நம்மைப் படுக்கையில் தள்ளுகிறவை பெரும்பாலும் வேறு. பின்னவை எந்த அறிகுறியும் காட்டாமல் பெருகக்கூடியவை. 5 டிகிரி செல்சியஸிலிருந்து 60 டிகிரி வரை அவற்றுக்குக் கொண்டாட்டம். தோதான சூட்டில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் என்கிறார்கள். மருத்துவமனையில் உட்கார்ந்து மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். கறியை மூடி வைத்த மதியம் மூன்று மணியிலிருந்து இரவு பத்து மணி வரை 7 மணி நேரம். ஒன்றே ஒன்று 20 லட்சத்தைத் தாண்டிவிட்டது.

பெரிய பாத்திரத்தில் மொத்தமாகச் சமைக்கிறவர்களுக்கு வேறொரு எதிரி உண்டு, குளோஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ். அதன் வித்துகள் சமையல் சூட்டில் சாகாமல் தங்கி, பாத்திரம் மெல்ல மெல்ல ஆறும்போது முளைத்துக்கொள்ளும். ஆழமான பாத்திரத்தின் நடுப்பகுதி ஃபிரிட்ஜுக்குள் போனாலும் பல மணி நேரம் சூடாகவே இருக்கும். ஆகவே அகலமான, ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்து வைக்கச் சொன்னார் மருத்துவர். சால்மோனெல்லா, கேம்பைலோபேக்டர் போன்ற கிருமிகள் கறி முழுதாக வெந்தால் செத்துப்போகும். கோழியின் உள்பகுதி 74 டிகிரியைத் தொட வேண்டும். ஆனால் அவை சில நாள் கழித்துக்கூட வேலையைக் காட்டும் என்பதால், கடைசியாகச் சாப்பிட்ட எதையாவது திட்டிக்கொண்டிருப்போம்.

இதெல்லாம் வயிற்றுக்கோளாறுதானே என்று நினைப்பவர்களுக்கு: உலக சுகாதார நிறுவனம் 2015-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, மாசுபட்ட உணவால் ஆண்டுக்கு 60 கோடிப் பேர் நோயுறுகிறார்கள், 4,20,000 பேர் இறக்கிறார்கள். இறப்பவர்களில் பத்துக்கு மூன்று பேர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். என் பேரனின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவனுக்கு அது வெறும் எண்ணிக்கையாகப் படவில்லை.

உங்களிடம் கேட்பது இரண்டு. முதலில் அந்த வரியைத் திருத்துங்கள். அடுத்து, இறைச்சிக் குறிப்புகளுக்குக் கீழே சிறிய எழுத்திலாவது இதைப் போடுங்கள்: சமைத்தது 2 மணி நேரத்துக்குள், 32 டிகிரிக்கு மேல் வெயில் அடித்தால் 1 மணி நேரத்துக்குள், ஃபிரிட்ஜுக்குப் போக வேண்டும், ஃபிரிட்ஜ் 5 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும், மூன்று நாளுக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். இடம் இருந்தால் உப்புச் சர்க்கரைக் கரைசலையும் சேருங்கள். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீருக்குத் தலை தட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடிவிட்டால் குழந்தைக்கு ஆபத்து. மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், குடித்தது எதுவும் தங்காமல் வெளியேறுவது, சிறுநீர் நின்றுபோவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் வீட்டு வைத்தியத்தில் நேரத்தைக் கழிக்கக்கூடாது. கடையில் தானாகப் போய் வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரை வாங்கிக் குழந்தைக்குக் கொடுக்கவும் கூடாது. நான் கொடுக்கவிருந்தேன், மனைவி கையைத் தட்டிவிட்டாள்.

பேரன் இப்போது ஓடியாடுகிறான். கறிக்கடைக்காரரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அவர் சிரித்துவிட்டு, வெட்டு ஆறிவிட்டதா என்று விரலைப் பார்த்தார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்
(பெயர் போட வேண்டாம். வீட்டில் வாங்கிய பேச்சே போதும்.)