அம்மன் கோயில் திருப்பணி நிறைவு அறிக்கை: சுவர் வேலை நின்ற பதினொரு வாரமும் வரவு செலவும்

உறுப்பினர்களுக்கும் உபயதாரர்களுக்கும் வணக்கம்.

ஆவணியில் கும்பாபிஷேகம் நல்லபடியாக முடிந்து, மண்டலாபிஷேகமும் 48 நாள் குறைவில்லாமல் நடந்துவிட்டது. விமான வேலையைப் பற்றி நிறைய எழுதலாம்தான். ஆனால் இந்த ஒரு வருஷத்தில் தெருவில் என்னை நிறுத்தியவர்கள் யாரும் விமானத்தைப் பற்றிக் கேட்கவில்லை. எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: வைகாசியில் குறித்த தேதி ஏன் ஆவணிக்குப் போனது? கீழ்ப் பாதையில் தடுப்புச் சுவர் பாதியில் பதினொரு வாரம் ஏன் நின்றது? கமிட்டிக்குள் சண்டை என்று ஒரு பேச்சு, காண்ட்ராக்டர் ஓடிவிட்டார் என்று இன்னொரு பேச்சு. இரண்டும் இல்லை. நடந்ததைச் சொல்லிவிட்டுக் கணக்குக்கு வருகிறேன்.

இலங்கையிலிருந்து வந்த நம் பெரியவர்கள் தகரக் கொட்டகை போட்டு அம்மனை வைத்த இடம் இது. அப்போது கீழே ஒற்றையடிப் பாதைதான். இன்றைக்கு அது பேரூராட்சியின் பொதுப் பாதை. பள்ளிக்கூடப் பிள்ளைகளும் தேயிலை பறிக்கப் போகிறவர்களும் அதில்தான் நடக்கிறார்கள். 2009 நவம்பர் மழையில் குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பக்கம் மண் சரிந்து நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள். அதன் பிறகு ஐப்பசி பிறந்தாலே நம் தெருவில் பாதிப் பேர் அந்தப் பாதையோர மண்மேட்டைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கும்பாபிஷேகக் கூட்டம் முழுவதும் அந்தப் பாதையில்தான் ஏற வேண்டும். அதனால் முதலில் சுவர், பிறகு விழா என்று பொதுக்குழுவிலேயே முடிவு செய்தோம்.

கோயிலுக்குள் நடக்கும் வேலைக்கு அரசுப் பணம் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. பாதை பொதுச் சொத்து. அதனால் 'நமக்கு நாமே' திட்டத்தில் மனு கொடுத்தோம். மக்கள் பங்கு குறைந்தது மூன்றில் ஒன்று, மீதி அரசு. எஸ்டிமேட் 18,60,000 ரூபாய். நம் பங்கு 6,20,000 ரூபாயை டிடியாகக் கட்டினோம். பேரூராட்சி டெண்டர் விட்டது. எஸ்டிமேட்டுக்கு 4 சதவீதம் குறைத்துப் போட்டவருக்கு 17,85,600 ரூபாய்க்கு வேலை போனது. 24 மீட்டர் நீளம், கருங்கல் கட்டு. தை மாதக் கடைசியில் பணி ஆணை.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பணத்தில் மூன்றில் ஒரு பங்கு நம்முடையது. ஆனால் காண்ட்ராக்டருடன் ஒப்பந்தம் போட்டது பேரூராட்சி. அந்த ஒப்பந்தத்தில் நமக்குக் கையெழுத்தும் இல்லை, வாயும் இல்லை. இதை நம்மில் பலர் கடைசி வரை ஏற்றுக்கொள்ளவே இல்லை.

மாசியில் சுவருக்கு வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டினார்கள். மேற்கு ஓரம் நல்ல கெட்டி மண். கிழக்கு ஓரத்தில் நாலடி போனதும் மண் சாம்பல் நிறமாகி ஊறத் தொடங்கியது. மறுநாள் காலையில் குழியில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். பேரூராட்சி உதவிப் பொறியாளர் வந்து, குடையை மடக்கி அதன் நுனியைக் குழியின் அடியில் குத்தினார். பிடி வரைக்கும் இறங்கிவிட்டது. குடையை உருவி எடுத்து, அதில் ஒட்டியிருந்த களியைக் கல்லில் தேய்த்துக்கொண்டே, "இங்கே ஊற்று இருக்கு, இந்த ஆழம் போதாது" என்றார். அந்த ஓரத்தில் அஸ்திவாரம் இன்னும் 1.2 மீட்டர் கீழே போக வேண்டும். ஊற்று சுவருக்குப் பின்னால் தேங்காமல் இருக்க வடிகல்லும் குழாயும் வேண்டும். முனையில் 5 மீட்டர் திருப்பிக் கட்ட வேண்டும். எஸ்டிமேட்டில் இது எதுவும் இல்லை.

காண்ட்ராக்டர் கெட்டவர் இல்லை. அவர் சொன்னதும் நம் ஊரில் எல்லோரும் சொல்வதுதான்: "ஆள் இருக்கு, கல் இறங்கியிருக்கு. நான் கட்டிடறேன், பில்லில் ஏத்திக்கலாம்." கல் மேட்டுப்பாளையம் பக்கமிருந்து மலையேறி வர வேண்டும். லாரி ஒரு நாள் சும்மா நின்றாலும் அவருக்கு நஷ்டம்தான். கமிட்டியில் பெரும்பாலோர் சரி என்றோம். நானும் சரி என்றுதான் சொன்னேன், மறைக்கவில்லை.

தடுத்தவர் நம் கமிட்டியில் இருக்கும் ஓய்வு பெற்ற பொறியாளர் ஐயா. அவர் கேட்ட கேள்வியை அப்படியே எழுதுகிறேன்: "இந்த வேலையும் சேர்த்துத்தான் டெண்டர் என்று அன்றைக்கே தெரிந்திருந்தால், வேறு ஆள் வந்திருப்பானா? வேறு விலை சொல்லியிருப்பானா?" ஒப்பந்தத்தை நடுவில் மாற்றுவதில் விஷயமே இதுதான் என்றார். 1998ஆம் ஆண்டு தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம், எல்லோருக்கும் ஒரே விவரத்தைக் காட்டிப் போட்டியில் குறைந்த விலைக்காரருக்குக் கொடு என்கிறது. சின்ன வேலையைக் காட்டி டெண்டர் வாங்கி, உள்ளே போன பிறகு பெரிய வேலையாக்கிக்கொண்டால் அந்தப் போட்டிக்கு என்ன அர்த்தம்? அதற்காக மாற்றமே கூடாது என்பதும் இல்லை. பூமிக்குள் இருப்பதை யார் பார்த்தார்கள்? தேவையான மாற்றம் செய்யலாம். ஆனால் வேலைக்கு முன்னால், எழுத்தில், அதிகாரம் உள்ளவர் கையெழுத்தோடு.

அன்றைய கூட்டம் இரவு பத்தரை வரை நீண்டது. "செய்த வேலைக்குப் பணம் கொடுக்காமல் போக முடியுமா, சட்டமே இருக்கிறதே" என்றார் ஓர் உறுப்பினர். இருக்கிறது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 70ஆம் பிரிவு: இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் ஒருவர் செய்த வேலையின் பலனை இன்னொருவர் அனுபவித்தால் ஈடு கொடுக்க வேண்டும். மேற்கு வங்க அரசுக்கும் பி.கே. மண்டல் அண்ட் சன்ஸ் நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. அதிகாரிகள் கேட்டுக்கொண்டபடி அந்த நிறுவனம் உணவு வழங்கல் துறைக்குக் கிடங்குகளும் மண் சாலையும் போட்டுக் கொடுத்தது. முறையான ஒப்பந்தம் இல்லை என்று அரசு கையை விரித்தது. நீதிமன்றம் பணம் கொடுக்கச் சொன்னது. ஐயா முழுவதையும் கேட்டுவிட்டு, "வேலை நடந்தது 1944. தீர்ப்பு வந்தது 1961. நம்ம காண்ட்ராக்டர் பதினேழு வருஷம் காத்திருப்பாரா, கேட்டுச் சொல்லுங்க" என்றார். அதற்குமேல் அந்த வாதம் எழவில்லை.

அடுத்து, "மழை வரப்போகிறது, அவசரம் என்று சொல்லி முடித்துவிடலாமே" என்று ஒரு யோசனை. டெண்டர் சட்டத்தின் 16ஆம் பிரிவில் விலக்கு இருப்பது உண்மை. ஆனால் இயற்கைச் சீற்றம், அவசரநிலை என்று அரசு அறிவித்திருக்க வேண்டும். நம் பயத்தை நாமே அறிவித்துக்கொள்ள முடியாது.

அயர்லாந்தில் கட்டுமானக் கணக்காளராக இருக்கும் நம் உறுப்பினர் ஒருவரின் மகன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல்செய்தியும் அன்றைக்கு ஓடியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014ஆம் ஆண்டுப் பொதுக் கொள்முதல் நெறிமுறையில் 72ஆம் பிரிவு முழுக்க இதற்கென்றே இருக்கிறதாம். கட்டுமான ஒப்பந்தத்தில், மாற்றத்தின் மதிப்பு முதல் விலையில் 15 சதவீதத்துக்கும், நெறிமுறை சொல்லும் உச்சத் தொகைக்கும் கீழே இருந்து, வேலையின் தன்மையும் மாறாவிட்டால் புது டெண்டர் வேண்டாம். கவனமாக இருந்த அதிகாரியாலும் எதிர்பார்க்க முடியாத காரணம் என்றால் 50 சதவீதம் வரை போகலாம், ஆனால் அறிவிப்பு வெளியிட வேண்டும். வேறு போட்டியாளர் வந்திருப்பாரா என்ற அதே கேள்வி அங்கேயும் சட்டத்தில் எழுதியிருக்கிறது. ஐயா அதைப் படித்ததில்லை. முப்பது வருஷம் எம்-புக் (செய்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகம்) எழுதிய கையிலிருந்து வந்த கேள்வி அது. நம் கூடுதல் வேலை 16.9 சதவீதம் வந்தது என்பதையும் சொல்லி வைக்கிறேன். அங்கேயும் 15க்குள் அடங்கியிருக்காது, ஊற்றைக் காட்டித்தான் பேசியிருக்க வேண்டும்.

சரி, வேலையை நிறுத்தினோம். பேரூராட்சிக்குக் கடிதம் கொடுத்தோம். திருத்திய எஸ்டிமேட், தொழில்நுட்ப ஒப்புதல், மன்றத் தீர்மானம், நிர்வாக அனுமதி, துணை ஒப்பந்தம் எல்லாம் வரிசையாக நடக்க வேண்டியிருந்தது. இதில் ஒரு மேசையில் மட்டும் கோப்பு ஐந்து வாரம் தூங்கியது. எந்த அலுவலகம் என்று எழுதுவதில் பயனில்லை. நானும் பொருளாளரும் ஒன்பது முறை போய் நின்றோம், பஸ் செலவு கணக்கில் இருக்கிறது.

துணை ஒப்பந்தம் மொத்தம் மூன்று பக்கம்தான். ஆனால் விலை போட்ட விதம் எனக்குப் பிடித்திருந்தது. கருங்கல் கட்டு ஏற்கெனவே ஒப்பந்தத்தில் இருக்கும் ஐட்டம் என்பதால், கூடுதல் அளவுக்கும் அதே விலை. வடிகல்லும் குழாயும் புது ஐட்டம். காண்ட்ராக்டர் ஒரு விலை எழுதிக் கொண்டுவந்தார். அதை எடுக்கவில்லை. எஸ்டிமேட் போட்ட வருஷத்துப் பொதுப்பணித் துறை விலைப்பட்டியலில் இருந்த விலையில், டெண்டரில் அவர் குறைத்த அதே 4 சதவீதத்தைக் குறைத்துப் போட்டார்கள். காண்ட்ராக்டர் முகம் சுளித்தார், கையெழுத்தும் போட்டார். கூடுதல் தொகை 3,02,400 ரூபாய். அதில் நம் பங்கு 1,00,800 ரூபாய்.

இந்த இடைவெளியில் இன்னொரு ஆசையும் முளைத்தது. "எப்படியும் ஒப்பந்தத்தைத் திருத்துகிறார்கள், பாதை முகப்பில் தோரண வாயிலையும் படிக்கட்டையும் அதிலேயே சேர்த்துவிடலாமே, மூன்றில் இரண்டு பங்கு அரசு கொடுக்குமே!" சொன்னவர் மூத்த உறுப்பினர், கோயிலுக்கு அதிகம் கொடுத்தவரும்கூட. ஆனால் ஐயாவின் கேள்வியை இதன்மேல் வைத்துப் பார்த்தால் பதில் வேறு. ஊற்றுக்காக ஆழம் தோண்டுவது அதே சுவரின் வேலை, அது இல்லாமல் சுவர் நிற்காது. தோரண வாயில் புது வேலை. அது டெண்டரில் இருந்திருந்தால் சிற்ப வேலைக்காரர்கள் இரண்டு பேராவது போட்டிருப்பார்கள். அதுவுமில்லாமல் கோயில் வாயிலுக்குப் பொதுப் பணமா? கமிட்டியில் ஓட்டெடுப்பு நடந்தது, ஏழுக்கு நாலு. வாயிலையும் படியையும் நம் பணத்திலேயே தனியாகச் செய்தோம். மூத்தவர் இரண்டு மாதம் என்னிடம் பேசவில்லை. கும்பாபிஷேகத்தன்று அவராகவே வந்து விபூதி பூசிவிட்டார்.

வைகாசி இருபது தேதிக்கு மேல் சுவர் வேலை மறுபடி தொடங்கி, ஆடிக் கடைசியில் முடிந்தது.

ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு நாங்கள் சறுக்கிய இடத்தையும் சொல்ல வேண்டும். விமான வேலை நம் சொந்தப் பணம், ஸ்தபதியோடு நாமே போட்ட ஒப்பந்தம். அங்கே டெண்டர் சட்டம் கிடையாது. ஒரு மாலைக் கூட்டத்தில் தீர்மானம் எழுதி இரண்டு முறை வேலையை மாற்றினோம், தொந்தரவே இல்லை. மூன்றாவது முறை, சாரத்தின் கீழே நின்றுகொண்டு, "மேலே அந்த யாளிக்கும் தங்க வர்ணம் அடிச்சிடுங்க" என்று ஒருவர் குரல் கொடுத்தார். நோட்டில் ஏறவில்லை. பில்லில் 38,000 ரூபாய் ஏறி வந்தது. குரல் கொடுத்தது யார் என்று இன்றுவரை ஒத்துக்கொள்ள ஆளில்லை. பேசி 24,000 ரூபாயில் முடித்தோம்.

இனி கணக்கு. மொத்த வரவு 38,45,000 ரூபாய். செலவில் ஸ்தபதிக்கு 14,60,000, கும்பாபிஷேக விழாவுக்கு 8,10,000, தடுப்புச் சுவருக்கு நம் பங்காகக் கட்டியது 7,20,800, தோரண வாயிலும் படியும் 5,35,000, இதரச் செலவு 1,12,200. ஆக 36,38,000 ரூபாய். கையிருப்பு 2,07,000 ரூபாய் கமிட்டியின் வங்கிக் கணக்கில் இருக்கிறது. யாளியின் தங்க வர்ணம் ஸ்தபதி கணக்கில் அடங்கியிருக்கிறது.

சுவரின் இறுதி அளவீட்டில், மேற்கு ஓரத்தில் நினைத்ததைவிடக் கல் குறைவாகப் பிடித்ததால் மொத்தம் 20,61,000 ரூபாயோடு நின்றது. அதில் மூன்றில் ஒன்று 6,87,000. நாம் அதிகமாகக் கட்டிய 33,800 ரூபாயைத் திருப்பிக் கேட்டுப் பேரூராட்சிக்கு ஐப்பசியில் மனு கொடுத்திருக்கிறோம், இன்னும் வரவில்லை. அதே ஐப்பசி மழையில் கிழக்கு ஓரத்துக் குழாய்கள் ஆறிலும் தண்ணீர் தெளிவாக, மண் கலக்காமல் விழுந்ததை நானும் ஐயாவும் குடையோடு போய்ப் பார்த்தோம். துணை ஒப்பந்தம், எம்-புக் பக்கங்கள், எங்கள் தீர்மான நோட்டு எல்லாவற்றின் நகலும் கோயில் அலுவலக அலமாரியில் இருக்கிறது. சாவி பூசாரியிடம், மாலை ஆறு மணிக்கு மேல் வந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
செயலாளர், திருப்பணிக் கமிட்டிக்காக