கூப்பிட்டால் வரமாட்டார்கள் என்று எழுதலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் பத்திரிகையில் சமூக ஈடுபாடு பற்றி வந்த கட்டுரையில் ஒரு வரி மனத்தை அறுத்துக்கொண்டே இருக்கிறது. நாடாளுமன்றம், கொள்கை என்று பேசக் கூப்பிட்டால் சிங்கப்பூர்த் தமிழர்கள் வரமாட்டார்கள், பட்டிமன்றம் என்றால் அரங்கு நிறையும் என்று எழுதியிருக்கிறார் கட்டுரையாளர். நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருப்பார். ஆனாலும் எங்களை ஒரு முறை நேரில் பார்த்துவிட்டு எழுதியிருக்கலாம்.

ஈசூன் வட்டாரத்தில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடிப் பேசுகிறோம். ஓய்வுபெற்ற துறைமுக ஊழியர், டாக்சி ஓட்டுநர், தாதியர், தேசிய சேவை முடித்த பையன்கள் என்று எல்லாரும் வருவார்கள். 2025 மே மாதப் பொதுத்தேர்தலுக்கு முன்பு வாக்குச்சீட்டில் இருக்கும் வரிசை எண்ணைப் பற்றிப் பேச்சு வந்தது. அந்த எண்ணை வைத்து யாருக்குப் போட்டோம் என்று கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற பயத்தோடே பல தேர்தல்களில் வாக்களித்த ஓர் அக்கா எங்களோடு இருக்கிறார். கள்ளச்சீட்டைத் தடுக்கவும் கணக்குப் பார்க்கவும்தான் அந்த எண், எண்ணி முடித்ததும் சீட்டுகளை முத்திரையிட்டு உச்ச நீதிமன்றத்தில் ஆறு மாதம் வைத்திருந்து அழித்துவிடுவார்கள், இடையில் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் திறக்க முடியாது என்று ஒரு பையன் பொறுமையாக விளக்கினான். "இதை யாரும் என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னதே இல்லையே" என்றார் அக்கா. வாக்களிப்பது 1959 முதல் கட்டாயமாக இருக்கும் நாட்டில் அவருக்கு இப்படி ஒரு பயம் இத்தனை காலம் இருந்திருக்கிறது. இதற்கு ஆர்வக்குறைவு என்று பெயர் வைப்பது நியாயமா?

இன்னொரு மாதம், பல வேட்பாளர்கள் ஒரே அணியாக நின்று போட்டியிடும் குழுத்தொகுதி பற்றிப் பேசினோம். 1988இல் வந்த முறை, ஒவ்வொரு அணியிலும் சிறுபான்மை இனத்தவர் ஒருவராவது இருக்க வேண்டும் என்பதெல்லாம் நீங்கள் அறிந்ததே. அது நமக்குப் பாதுகாப்பு என்றார் துறைமுகத்துப் பெரியவர். "ஒருவர் மட்டும் நிற்கும் தனித்தொகுதியில் நின்று ஜெயிக்க நமக்கு முடியாதா, தாத்தா?" என்று கேட்டான் ஒருவன். குரல் உயர்ந்தது, முடிவு ஒன்றும் எட்டவில்லை. அடுத்த மாதம் இரண்டு பேருமே இன்னும் படித்துவிட்டு வந்தார்கள். ஜனநாயகத்தை இதைவிட நன்றாக எப்படிக் கற்பது என்று எனக்குத் தெரியவில்லை.

கீழ்த்தளத்துக்கு நாங்கள் ஆசைப்பட்டு வரவில்லை. அறை கேட்டுப் போன இடத்தில் யோகாவுக்கும் சமையல் வகுப்புக்கும் தாராளமாகக் கொடுத்தார்கள். விண்ணப்பத்தில் 'கலந்துரையாடல்' என்று எழுதியதும் என்ன தலைப்பு, யார் பேசுவார்கள், வெளியாள் உண்டா என்று அத்தனை கேள்வி. அப்புறம் பதிலே இல்லை.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்தத் துறைமுகத்துப் பெரியவரை எங்கள் வட்டாரத்தில் நடந்த ஒரு கலந்துரையாடலுக்கு நான்தான் வற்புறுத்தி அழைத்துப் போனேன். படுத்த படுக்கையாக இருக்கும் மனைவியைப் பார்த்துக்கொள்ள எந்த உதவியை எங்கே கேட்பது, ஏன் ஒவ்வோர் இடத்திலும் வேறு வேறு பதில் வருகிறது என்று நல்ல தமிழில் விவரமாகக் கேட்டார். மொழிபெயர்த்தவர் அதை 'மருத்துவச் செலவு பற்றிக் கேட்கிறார்' என்று ஒரே வரியில் முடித்தார். பதிலும் அதற்கே வந்தது. பெரியவர் நன்றி சொல்லி உட்கார்ந்தார். அதன் பிறகு அப்படிப்பட்ட எந்தக் கூட்டத்துக்கும் அவர் வருவதில்லை. நாடாளுமன்றத்தில் தமிழில் பேச அரசமைப்புச் சட்டமே இடம் தந்திருக்கிறது, அங்கே உடனுக்குடன் மொழிபெயர்ப்பும் உண்டு. எங்கள் வட்டாரத்தில் நடக்கும் கூட்டத்தில் ஒரு முதியவரின் கேள்வியை முழுதாகக் கொண்டுசேர்க்க ஆள் இல்லை. வராதவர் என்று கட்டுரையாளர் எண்ணியவர்களில் இவரும் இருப்பார்.

1950களில் தமிழர்கள் குடியுரிமைக்குப் பதிந்துகொள்ள வேண்டும் என்று 'தமிழ் முரசு' நிறுவனர் கோ. சாரங்கபாணி எப்படிப் பாடுபட்டார் என்பதைப் பத்திரிகைத் துறையில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மக்களுக்கு அக்கறை இல்லை என்று அவர் எழுதிவிட்டுப் போகவில்லை. புரியும்படி எடுத்துச் சொன்னார், கூடவே நின்றார். அவருடைய வாரிசுகளாக உங்களை நினைப்பதால்தான் அந்த வரி இவ்வளவு வலிக்கிறது.

உங்களிடம் கேட்பது சிறிய விஷயம்தான். மாதம் ஒரு முறை கால்பக்கம் ஒதுக்குங்கள். அந்த மாதம் நாடாளுமன்றத்தில் விவாதித்த ஒரு மசோதாவை எளிய தமிழில் விளக்கி, கூடிப் பேச இரண்டு மூன்று கேள்விகளும் கொடுத்தால் போதும். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும், எங்களில் பலருக்குக் கண் பார்வை குறைவு. மாதத்தின் முதல் வாரத்திலேயே வந்தால் நகல் எடுத்து எல்லாருக்கும் கொடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகி