லாசி ஆய்வாளர்களுக்கு: டாக்டர் சொன்ன நோயும் கருவி காட்டிய நோயும்

மும்பை சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனத்தில் லாசி எனப்படும் முதுமைத் தொடராய்வைக் கவனிப்பவர்களுக்கு,

வணக்கம். 2017–18இல் நீங்கள் முடித்த முதல் சுற்று சாதாரண வேலையல்ல. 45 வயதைத் தாண்டியவர்கள், அவர்களின் துணைவர்கள் என 72,000 பேருக்கு மேல். 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் மட்டுமே 31,000க்கும் அதிகம். அந்தத் தரவிலிருந்து பலரும் எடுத்து எழுதும் ஒரு முடிவுதான் என்னை உறுத்துகிறது: வசதி கூடக் கூட முதியோரிடம் சர்க்கரையும் பிரஷரும் கூடுகின்றனவாம்.

இது பெரும்பாலும் "இந்த நோய் இருப்பதாக டாக்டர் யாராவது சொல்லியிருக்கிறாரா?" என்ற கேள்விக்கு வந்த பதில். ஆண்டுக்கொரு முறை முழு உடல் பரிசோதனை செய்துகொள்ளும் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி "ஆமாம்" என்பார். அறுபத்தைந்து வயதிலும் சித்தாள் வேலைக்குப் போகிற அம்மாவுக்கு யாரும் பிரஷரே பார்த்ததில்லை என்றால், அவர் "இல்லை" என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் இந்தப் பதில்களை வைத்துச் செறிவுக் குறியீட்டை, அதாவது நோய் ஏழைகள் பக்கம் குவிகிறதா வசதியானவர்கள் பக்கம் குவிகிறதா என்று சொல்லும் எண்ணை, கணக்கிட்டால், நோய் வசதியானவர்கள் பக்கம் குவிந்திருப்பதாக நேர்க்குறியில் விடை வரும். டாக்டரைப் பார்க்கக் கிடைத்த வாய்ப்பும் அந்த எண்ணுக்குள் கலந்திருப்பது வெளியே தெரியாது.

வசதியானவர்களுக்குச் சர்க்கரை அதிகம் என்பதே கட்டுக்கதை என்று சொல்லவில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்த ஐசிஎம்ஆர்-இன்டியாப் என்ற சர்க்கரை நோய் ஆய்வு, 15 மாநிலங்களின் முடிவுகளை 2017இல் வெளியிட்டது. கிராமங்களில் வசதியானவர்களிடமே நோய் அதிகம். ஆனால் தமிழ்நாடு, மகாராஷ்டிரம் போன்ற வளர்ந்த மாநிலங்களின் நகரங்களில் வசதி குறைந்தவர்களிடம்தான் அதிகம். 20 வயதுக்கு மேற்பட்ட எல்லோரையும் சேர்த்த கணக்கு அது. முதியவர்களை மட்டும் தனியே பார்க்க உங்கள் தரவுதான் வேண்டும்.

நீங்களும் வீட்டிலேயே பிரஷர் அளக்கிறீர்கள், விரல் நுனி ரத்தத்தைத் தாளில் சேகரிக்கிறீர்கள். அப்புறம் என்ன? அளந்து தெரிந்தது, டாக்டர் சொல்லித் தெரிந்தது இரண்டையும் ஐந்து பொருளாதாரப் பிரிவுகளுக்கும் பக்கத்துப் பக்கத்துப் பத்திகளில், மாநில வாரியாகப் போடுங்கள். இரண்டுக்கும் நடுவே விழும் இடைவெளிதான் நான் தேடும் ஏற்றத்தாழ்வு.

தமிழ்நாட்டுக்கு இது இன்னும் அவசரம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வந்து சர்க்கரையும் பிரஷரும் பார்க்கிறார்கள். அடுத்த சுற்றில் "டாக்டர் சொன்னார்" என்று சொல்லும் ஏழைகள் கூடினால், அது திட்டத்துக்குக் கிடைத்த வெற்றியாக இருக்கலாம். அதையே "ஏழைகளிடம் நோய் பெருகுகிறது" என்று தலைப்பு போட இங்கே ஆள் இருக்கிறது.

இன்னொன்று. வசதியை மாதாந்திரத் தலாச் செலவை வைத்துப் பிரிக்கிறீர்கள். மருத்துவச் செலவும் அதில் அடக்கம். கடன் வாங்கி அப்பாவுக்கு டயாலிசிஸ் செய்கிற குடும்பம் தாளில் ஒரு படி மேலே ஏறிவிடும்! நோயே வசதியாகக் கணக்காகிறது. மருத்துவச் செலவைக் கழித்துவிட்டு ஒரு முறையும், சொத்தை வைத்து ஒரு முறையும் அதே அட்டவணையைப் போட்டுக்காட்டுங்கள். கடைசியாக, அறுபதைத் தொடாமலே இறந்துபோன ஏழைகள் முதியோர் பற்றிய எந்த அட்டவணையிலும் வரமாட்டார்கள். அதற்கு ஓர் அடிக்குறிப்பாவது போடுங்கள்.

இப்படிக்கு,
புள்ளியியல் கற்பிக்கும் ஓர் ஆசிரியை