அப்பாவோட ஸ்பேனர் பலகை

கண்ணா, நல்லா இருக்கியா. அங்க பனி கொட்டுதுன்னு மருமக சொன்னா, குழந்தைக்கு காதை நல்லா மூடி ஸ்கூலுக்கு அனுப்புங்க. அடுத்த வாரம் அப்பாவுக்கு வருஷ திதி, லீவு கிடைக்கலன்னு மனசை போட்டு உழப்பிக்காத, அக்கா ஜாலஹள்ளிக்கு வந்துடறேன்னு சொல்லிட்டா.

நேத்து ஸ்கூட்டர் நிக்கிற இடத்தை ஒழிச்சேன். அங்க செவுத்துல அப்பா அடிச்சு வெச்ச பலகை ஞாபகம் இருக்கா, ஒவ்வொரு ஸ்பேனருக்கும் பின்னாடி அதே அளவுக்கு கறுப்பு பெயின்ட்ல நிழல் மாதிரி வரைஞ்சிருப்பாரே, ஏர்ஃபோர்ஸ்ல பழகினது அது, ஒண்ணு இல்லன்னா அந்த நிழலே காட்டிக் குடுத்துடும். இன்ஜின் பக்கத்துல வேலை பார்த்துட்டு ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவர் கணக்குல வரலன்னாலும் அது கிடைக்கிற வரைக்கும் பிளேனை விட மாட்டாங்களாம், உள்ள கிடந்து இன்ஜின் இழுத்துக்கிச்சுன்னா பைலட் உயிர் போச்சு.

1971 சண்டையில அப்பாவுக்கு 22 வயசு, அப்போ எங்களுக்கு கல்யாணம் ஆகல, நான் யாருன்னே அவருக்கு தெரியாது. ராஜஸ்தான்ல உத்தர்லாய்ங்கிற இடத்துல, மாருத் பிளேனுக்கு இன்ஜின் ஃபிட்டர். நம்ம பெங்களூரு ஹெச்ஏஎல் விமான ஃபேக்டரில செஞ்ச பிளேன், 1961ல முதல்ல பறந்தது. உத்தர்லாய் ரன்வேலயே குண்டு போட்டாங்க, ராத்திரி லைட் போடக் கூடாது, பாலைவனக் குளிர்ல ஸ்பேனர் கையில ஒட்டிக்கும்னு சொல்வாரு. மாருத்துக்கு ரெண்டு இன்ஜின், ஒண்ணு அடிபட்டாலும் இன்னொண்ணுல திரும்பி வந்த பிளேன் உண்டு, அதை சொல்றப்போ மட்டும் அவரு குரல் மாறிடும். பிளேன் பறக்க சரியா இருக்குன்னு செவன் ஹண்ட்ரட் ஃபார்ம்ல ஃபிட்டர் கையெழுத்து போட்டாதான் பைலட் ஏறுவாரு, அந்த கையெழுத்து போட்ட கை ஜென்மத்துக்கும் அலட்சியமா ஒரு வேலை செய்யல.

போஸ்டிங் போஸ்டிங்கா நான் உங்க ரெண்டு பேரையும் தூக்கிட்டு அலைஞ்சேன், ஃபேமிலி குவார்ட்டர்ஸ் இல்லாத இடத்துக்கு அவரு தனியா போனா 56 ஏபிஓன்னு ராணுவத் தபால் விலாசம் போட்டு இன்லேண்ட் லெட்டர் எழுதுவேன், பதில் வர்றதுக்குள்ள உனக்கு ஜுரம் வந்து போயிருக்கும். ஆனா வீட்ல இருந்தா காலையில அக்காவுக்கு பின்னல் அவருதான். நட்டு கழண்டுக்காம லாக்கிங் வயர் முறுக்கின கையில்லயா, சாயங்காலம் விளையாடிட்டு வந்தாலும் ஒரு முடி பிரிஞ்சிருக்காது. நான் போட்ட பின்னல் மத்தியானமே அவிழ்ந்துடும், அவ அழுவா, அப்பாவே போடணும்னு. உன் சைக்கிளை கூட பிரேக் பிடிச்சு பார்க்காம தெருவுக்கு விட்டதில்ல. பேரனை ஹெச்ஏஎல் மியூசியத்துக்கு கூட்டிட்டு போனப்போ மாருத் முன்னாடி போட்டோ கூட எடுத்துக்கல, குனிஞ்சு அடிப்பக்கத்தையே பார்த்துட்டு இருந்தாரு.

சரி, சொல்ல வந்தது இது. பலகையில 10-11 ஸ்பேனர் இடம் மட்டும் காலி, அந்த ஆணியில ஒரு அட்டை தொங்குது. ஏர்ஃபோர்ஸ் டிப்போல டூல் எடுத்தா நம்ம டோக்கனை அங்க மாட்டிட்டு போகணும்னு சொல்வாரே, அதே மாதிரி, உன் பேரு, நீ ஊருக்கு கிளம்பின தேதி, அவரு கையெழுத்து. நீ எடுத்துட்டு போனது அவருக்கு அன்னைக்கே தெரிஞ்சிருக்கு, ஒரு நாளும் கேட்கல பாரு.

அட்டையை நான் கழட்டல. ஸ்பேனர் உன்கிட்ட இருக்கான்னு தேடிப் பாரு கண்ணா, இருந்தா திதிக்குள்ள ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.

அம்மா