பல்கலைக்கழக ஆய்விலும் நிர்வாகத்திலும் கணினி அறிவியல் துறைக்கு உரிய இடம் கோரும் மனு

பெறுநர்
செயலாளர் அவர்கள்,
உயர்கல்வித் துறை.

அனுப்புநர்
பல்கலைக்கழகக் கணினி அறிவியல் துறைகளின் ஆசிரியர்கள், ஆய்வு மாணவர்கள், கணினி மையப் பணியாளர்கள்.

பொருள்: பல்கலைக்கழகங்களின் ஆய்வுத் திட்டங்களிலும் நிர்வாக முடிவுகளிலும் கணினி அறிவியல் துறைக்கு முறையான பொறுப்பும் நிரந்தரப் பணியிடங்களும் வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு, வணக்கம்.

கணினி அறிவியல் துறையைப் பல்கலைக்கழகங்கள் இப்போது இரண்டு காரியங்களுக்காகத்தான் நினைவில் வைத்திருக்கின்றன. ஒன்று, மாணவர்கள் விரும்பிச் சேரும் படிப்பு அது, வகுப்புகள் நிரம்பிவிடும். இன்னொன்று, தேர்வு முடிவு வெளியாகும் நாளில் இணையதளம் முடங்கினால் ஓடிவர ஆள் வேண்டும். மாணவர் தகவலை எப்படிச் சேமிப்பது, சேர்க்கை விதியை எப்படிக் கணக்காக மாற்றுவது, ஓர் ஆய்வு முடிவை இன்னொருவர் திரும்பக் கணக்கிட்டுச் சரிபார்க்க முடியுமா என்றெல்லாம் பேசப்படும் கூட்டங்களுக்கு எங்களை யாரும் அழைப்பதில்லை. முடிவு எடுத்து, ஒப்பந்தம் போட்டு, பணம் கொடுத்து, கோளாறு வந்த பிறகுதான் அழைப்பு வருகிறது. அந்தக் கூட்டங்களில் ஆரம்பத்திலிருந்தே எங்களுக்கு இடம் வேண்டும் என்று கேட்கவே இந்த மனு.

இது நாங்களாகப் புதிதாகக் கண்டுபிடித்த உரிமை இல்லை. கணினி அறிவியல் பல்கலைக்கழகத்துக்குள் வந்ததே அந்த வழியில்தான். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1937-இல் கணித ஆய்வகம் ஒன்றைத் தொடங்கியது. எல்லாத் துறைகளின் கணக்கீட்டுத் தேவைக்கும் அது உதவ வேண்டும் என்பதுதான் நோக்கம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் மாரிஸ் வில்க்ஸ் தலைமையில் அங்கே உருவான எட்சாக் கணினி 1949 மே மாதம் இயங்கத் தொடங்கியது. மரபியல், வானியல், வேதியியல் என்று பல துறைக்காரர்கள் தங்கள் கணக்குகளை எடுத்துக்கொண்டு அங்கே வந்தார்கள். மயோகுளோபின் புரதத்தின் அமைப்பைக் கண்டறிந்து 1962-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜான் கென்ட்ரூ, அதற்கான கணக்கீடுகளை எட்சாக்கிலும் அதற்கு அடுத்து வந்த கணினியிலும் செய்தவர். இப்படி வந்தவர்களுக்கு உதவிய அதே குழுதான், அடிக்கடி தேவைப்படும் நிரல் துண்டுகளை நூலகமாகச் சேர்த்துவைக்கும் முறையை வகுத்தது. 1953-இல் கணினி குறித்த பட்டயப் படிப்பையும் அதுவே தொடங்கியது. பிற துறைகளின் தேவையிலிருந்து ஆய்வுக் கேள்விகள் பிறந்தன. அந்த ஆய்வால் சேவை மேம்பட்டது. இன்று பல இடங்களில் கணினி மையம் ஒரு நிர்வாகத்தின் கீழ், கணினி அறிவியல் துறை இன்னொன்றின் கீழ், வாங்குவது விற்பது பற்றிய முடிவு இரண்டுக்கும் சம்பந்தமில்லாத ஓர் அறையில். இந்தப் பிரிவினையால் மூன்று தரப்புக்கும் நஷ்டம்.

நிர்வாகத்தையே முதலில் எடுத்துக்கொள்கிறோம், ஏனென்றால் அங்கேதான் எங்கள் துறைக்கு வேலை இல்லை என்று பலரும் நினைக்கிறார்கள். மாணவர் சேர்க்கையைப் பாருங்கள். யாருக்கு எந்தக் கல்லூரி என்று ஒதுக்குவது வெறும் எழுத்தர் வேலை போலத் தோன்றும். டேவிட் கேல், லாயிட் ஷாப்லி என்ற கணிதவியலாளர்கள் இருவரும் 1962-இல் கல்லூரிச் சேர்க்கையையே தலைப்பில் வைத்து ஒரு கட்டுரை எழுதினார்கள். தங்களுக்குக் கிடைத்ததைவிட ஒருவரை ஒருவர் அதிகம் விரும்பும் மாணவரும் கல்லூரியும் பிரிந்து நிற்காதபடி ஒதுக்கீடு செய்ய முடியும் என்று அதில் நிரூபித்து, அதற்கான வழியையும் படிப்படியாகக் கொடுத்தார்கள். அந்த வரிசையில் வந்த பணிக்காகத்தான் ஷாப்லிக்கும் ஆல்வின் ராத்துக்கும் 2012-இல் பொருளாதார நோபல் கிடைத்தது. ஒதுக்கீட்டு முறையில் ஒரு சின்ன மாற்றம் செய்தாலும் மாணவர்கள் உண்மையான விருப்பத்தை மறைத்து வேறு வரிசை எழுதவேண்டிய நிலை வந்துவிடலாம். அந்த மாற்றத்தைச் செய்பவர் அதை அறிந்திருக்க வேண்டாமா? கால அட்டவணையும் அப்படித்தான். பொதுவான வகையில் அது எல்லா அளவுக்கும் வேகமாகத் தீர்க்கும் வழி தெரியாத கடினமான கணக்குகளில் ஒன்று என்று 1976-இலேயே காட்டிவிட்டார்கள். அதனால், எந்த மோதலும் இல்லாத அட்டவணையை ஒரு பொத்தானில் தருவோம் என்று ஒரு நிறுவனம் சொல்லும்போது என்ன கேள்வி கேட்க வேண்டும் என்பது எங்கள் துறையின் இளநிலை மாணவருக்கே தெரியும். ஆனால் டெண்டர் குழுவில் அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இல்லை.

பல்கலைக்கழகமும் ஆய்வுக்கூடமும் தங்கள் நிர்வாகச் சிக்கலைத் தாங்களே ஆராய்ந்து தீர்த்தபோது உலகத்துக்கே பயன் கிடைத்திருக்கிறது. ஐரோப்பாவின் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்னுக்கு ஆட்கள் வருவதும் சில ஆண்டுகளில் போவதுமாக இருந்தார்கள். அவர்களோடு தகவலும் போய்க்கொண்டிருந்தது. அதைத் தடுக்க டிம் பெர்னர்ஸ்-லீ 1989-இல் எழுதிக்கொடுத்த திட்டம்தான் இன்றைய வைய விரிவு வலை. ஆயிரக்கணக்கான கல்வி நிறுவனங்கள் பயன்படுத்தும் மூடில் என்ற இணையவழிக் கற்பித்தல் மென்பொருள், ஆஸ்திரேலியாவின் கர்டின் பல்கலைக்கழகத்தில் இருந்த மார்ட்டின் டூகியாமாஸ் தொடங்கி 2002-இல் முதல் பதிப்பாக வெளியிட்டது. இப்படிப்பட்ட வேலையை எங்கள் மாணவர்களாலும் செய்ய முடியும். அதற்கு, தங்கள் பல்கலைக்கழகத்தின் தரவையும் சிக்கலையும் அவர்கள் பார்க்க அனுமதி வேண்டும். இப்போது நிலைமை எப்படி என்றால், பல்கலைக்கழகத்தின் சொந்த மதிப்பெண் பதிவுகளையே முழுமையாக வெளியே எடுக்க ஒப்பந்த நிறுவனத்திடம் கேட்டுக் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

கவனக்குறைவின் விலையும் பெரியது. கியோட்டோ பல்கலைக்கழகத்தின் மீத்திறன் கணினியில் 2021 டிசம்பரில், பேக்கப் எடுக்கும் நிரல் ஓடிக்கொண்டிருந்தபோதே அதை மாற்றி எழுதியதால் சுமார் 77 டெராபைட் ஆய்வுத் தரவு அழிந்துபோனது. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகம் 2019 டிசம்பரில் இணையத் தாக்குதலுக்கு உள்ளாகி, பூட்டப்பட்ட கோப்புகளை மீட்க 30 பிட்காயின் கொடுக்க நேர்ந்தது. அந்த ஊடுருவல் தொடங்கியது ஒரு போலி மின்னஞ்சலில். தேர்ந்த ஆட்கள் இருந்த இடங்களிலேயே இப்படி நடக்கிறது. பொறுப்பு யாருடையது என்றே தெளிவில்லாத இடங்களில் என்ன நடக்கும் என்பதைத் தாங்களே எண்ணிப்பாருங்கள்.

இனி ஆய்வுக்கு வருவோம். இன்று கணினியைத் தொடாத ஆய்வுத் துறை அரிது. 2024-இல் இயற்பியல் நோபல் செயற்கை நரம்பு வலைப்பின்னல் பணிக்காக ஜான் ஹாப்ஃபீல்டுக்கும் ஜெஃப்ரி ஹின்டனுக்கும் போனது. வேதியியல் நோபலில் பாதி, புரத அமைப்பைக் கணிக்கும் மென்பொருளுக்காக டெமிஸ் ஹசாபிஸுக்கும் ஜான் ஜம்பருக்கும். இவை எல்லோரும் அறிந்த செய்திகள். எங்களுக்கு அதைவிடக் கவலை தருவது, அன்றாட ஆய்வில் யாரும் கவனிக்காமல் நுழையும் பிழைகள். சில மரபணுப் பெயர்களை எக்செல் தேதி என்று எண்ணித் தானாக மாற்றிவிடும். மரபணுப் பட்டியலை எக்செல் கோப்பாக இணைத்த கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கில் இந்தப் பிழை இருப்பதாக 2016-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கடைசியில், 2020-இல் அப்படிப்பட்ட மரபணுக்களின் பெயர்களையே மாற்றவேண்டியதாயிற்று. பொதுக்கடனும் பொருளாதார வளர்ச்சியும் பற்றி 2010-இல் பொருளியலாளர்கள் கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் எழுதிய கட்டுரை பல அரசுகளின் விவாதங்களில் மேற்கோள் காட்டப்பட்டது. அவர்களின் கணக்குத் தாளை 2013-இல் வாங்கிப் பார்த்த தாமஸ் ஹெர்ண்டன் என்ற ஆய்வு மாணவர், சராசரி எடுக்கும்போது ஐந்து நாடுகளின் வரிசைகள் விடுபட்டிருப்பதைக் கண்டார். நிரலையும் தரவையும் இன்னொருவர் பார்க்கக் கிடைத்ததால்தான் அது வெளிப்பட்டது.

இதையெல்லாம் தடுக்க நல்ல மனம் மட்டும் போதாது, அதைத் தொழிலாகக் கொண்ட ஆட்கள் வேண்டும். ஆய்வு மென்பொருள் பொறியாளர் என்ற பணிப்பெயர் 2012-இல் பிரிட்டனில் உருவாகி, பிறகு பல நாடுகளுக்கும் பரவியது. எங்களிடம் அந்த வேலையைச் செய்பவர்கள் இருக்கிறார்கள். பணியிடம்தான் இல்லை. திட்ட நிதி இருக்கும்வரை ஒப்பந்த ஊழியர், முடிந்ததும் வெளியே. அவர் எழுதிய நிரல் யாருக்கும் புரியாமல் ஏதோ ஒரு சர்வரில் கிடக்கும். நிரல் எழுதிக்கொடுத்த ஆய்வு மாணவரின் பெயர் கட்டுரையில் நன்றியுரையோடு நின்றுவிடும். பதவி உயர்வு மதிப்பீட்டிலும் மென்பொருளுக்கு மதிப்பெண் கிடையாது. எங்கள் துறையில் முக்கியமான முடிவுகள் மாநாட்டுக் கட்டுரைகளாகத்தான் வருகின்றன. அவற்றையும் இதழ்க் கட்டுரைக்குக் கீழே வைக்கிறார்கள். திறமையுள்ளவர்கள் பல்கலைக்கழகத்தை விட்டுப் போவதற்குச் சம்பளம் ஒரு காரணம்தான். செய்த வேலையை வேலையாகவே எண்ணாதது அதைவிடப் பெரிய காரணம் என்பது எங்கள் அனுபவம்.

ஆகவே தங்களிடம் நாங்கள் கேட்பது இதுதான். மாணவர் தகவல், சேர்க்கை, தேர்வு, ஆய்வுத் தரவு ஆகியவற்றைத் தொடும் எந்த அமைப்பை வாங்கினாலும் கட்டினாலும், அதை முடிவு செய்யும் குழுவில் கணினி அறிவியல் துறைப் பிரதிநிதி ஒருவர் வாக்குரிமையோடு இருக்க வேண்டும். தேர்வுப் பிரிவிலும் பதிவாளர் அலுவலகத்திலும் நாள்தோறும் வேலை செய்யும் ஊழியர் ஒருவரும் அவரோடு இருக்க வேண்டும் என்று வற்புறுத்திக் கேட்கிறோம். இடையில் துறை மாறிய மாணவர், பாதியில் நின்று திரும்பி வந்தவர், பழைய பாடத்திட்டத்தில் தேர்வு பாக்கி வைத்திருப்பவர் என்று விதிவிலக்குகள் முழுவதும் அந்த ஊழியர்களுக்குத்தான் தெரியும். அவர்களைக் கேட்காமல் நாங்களே கட்டினாலும் அந்த அமைப்பு தோற்கும்.

தரவு பல்கலைக்கழகத்தின் சொத்து என்றும், கேட்டவுடன் வேறு அமைப்பில் படிக்கக்கூடிய வடிவில் தரப்பட வேண்டும் என்றும் ஒவ்வோர் ஒப்பந்தத்திலும் எழுத உத்தரவிட வேண்டும். சேர்க்கை, தரவரிசை போன்றவற்றைக் கணக்கிடும் அல்காரிதம் எதுவாக இருந்தாலும் அதன் விதிகள் மாணவர்கள் படிக்கும்படி வெளியிடப்பட வேண்டும். ஆய்வு மென்பொருள் பொறியாளருக்கு நிரந்தரப் பணியிடமும் பதவி உயர்வு வரிசையும் வேண்டும். ஆய்வு நிதி விண்ணப்பத்திலேயே அதற்கென ஒரு தலைப்பு இருக்கட்டும். ஆசிரியர் மதிப்பீட்டு விதிகளில் வெளியிடப்பட்ட மென்பொருளையும் தரவுத் தொகுப்பையும் மாநாட்டுக் கட்டுரையையும் சேர்க்க வேண்டும். நிர்வாக அமைப்புகளுக்காக ஆசிரியர் உழைக்கும் நேரத்தைக் கற்பித்தல் நேரத்தில் கழித்துக்கொடுக்க வேண்டும். இல்லையென்றால் இந்த மனுவே எங்கள் இளம் ஆசிரியர்களுக்குச் சுமையாகிவிடும்.

செலவு பற்றித் தாங்கள் கேட்கலாம். எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் ஒரே நாளில் தொடங்கத் தேவையில்லை. முதலில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஒரு சிறு குழு, இரண்டு ஆண்டுகள் போதும். கோளாறுகள், காத்திருக்கும் நாட்கள், உரிமக் கட்டணங்கள் ஆகியவற்றை முன்னும் பின்னும் கணக்கெடுத்து, அந்த அறிக்கையைப் பொதுவில் வைப்போம். அதைப் பார்த்துவிட்டுத் தாங்கள் அடுத்த முடிவை எடுக்கலாம்.

இதுபற்றி நேரில் விளக்க எங்கள் பிரதிநிதிகளுக்கு நேரம் ஒதுக்கித் தருமாறும், மனுவின் மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்துமூலம் தெரிவிக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கணினி அறிவியல் துறைகளின் ஆசிரியர்கள், ஆய்வு மாணவர்கள், கணினி மையப் பணியாளர்கள்.